நகர்வதைத் துரத்தும் ஒளி சென்சார்: முதல்முறை செய்பவர்களுக்கு

ராத்திரி பத்து மணிக்கு என் மேசையில் டார்ச் போகிற பக்கமெல்லாம் திரும்பி அழகாக வேலை செய்த ஒரு சின்னப் பெட்டி, மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு கல்லூரி அரங்கில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. டார்ச்சை அதன் மூக்குக்கு நேராக ஆட்டினேன், மேலே ஆட்டினேன், கீழே ஆட்டினேன். ம்ஹும். சாமி கும்பிடுகிற மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தைய இரண்டு வாரமும் நான் புரோகிராமைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு மேல் ஒரு கறுப்பு அட்டைக் குழாய் வைத்திருந்தால் போதும் என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை சென்சாருக்குப் பந்து, கார், கை என்று எதுவும் தெரியாது. தன் மேல் விழும் வெளிச்சம் எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைச்சல், எப்போது மாறியது என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே பாதி வேலை, வெளிச்சத்தையும் நிழலையும் நாம் ஒழுங்குபடுத்துவது. புரோகிராம் அப்புறம்.

கேமரா வைத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் நாலு சென்சாரும் ஒரு ஆர்டுயினோவும் (நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) போதும் என்கிற இடத்தில் கேமராவும் அதற்கு ஒரு குட்டிக் கணினியும் தேவையில்லை. வீட்டில் ஓடிய பழைய சிடி பிளேயரை நினைத்துப் பாருங்கள். 1982-ல் கடைக்கு வந்த அந்தச் சாதனத்தின் லென்சுக்குக் கீழே நாலு துண்டாகப் பிரித்த ஒரு ஃபோட்டோ டயோடு (வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் சின்னப் பொருள்) இருக்கும். தட்டு சுற்றும்போது மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்துக்கேற்ப லென்சைக் கூடவே நகர்த்தி ஃபோகஸ் தப்பாமல் வைத்துக்கொள்வது அந்த நாலு துண்டுகளுக்கு இடையிலான வித்தியாசம்தான். தட்டில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோ மீட்டர். அவ்வளவு நுணுக்கமான வேலையைக் கழித்தல் கணக்கு செய்கிறது. நாமும் அதையேதான் கொஞ்சம் பெரிய அளவில் செய்யப்போகிறோம்.

வாங்க வேண்டியது

ஆர்டுயினோ ஊனோ அல்லது அதன் நகல் ஒன்று, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர் சொருகும் பலகை), ஒயர். எல்டிஆர், அதாவது வெளிச்சம் பட்டால் எதிர்ப்பு குறையும் ரெசிஸ்டர், ஆறு (நாலு போதும், ஆனால் ஆறு வாங்குங்கள், காரணம் பின்னால் வரும்). ஃபோட்டோ டயோடு ஆறு. பிபிடபிள்யூ34 என்கிற வகை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஐஆர் (அகச்சிவப்பு) ஜோடி என்று கேட்டாலே தருவார்கள். ஜோடியில் தெளிவாகக் கண்ணாடி மாதிரி இருப்பது ஒளியை அனுப்புவது, கறுப்பாக இருப்பது வாங்குவது. 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆளுக்குப் பத்து. 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் நாலு. சிவப்பு லேசர் மாட்யூல் இரண்டு. எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) இரண்டு. சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை மணி நேரத்தில் எல்லாம் கிடைக்கும். வெளியூர் என்றால் ஆன்லைன்.

எல்டிஆருக்கும் ஃபோட்டோ டயோடுக்கும் என்ன வித்தியாசம்? எல்டிஆர் சோம்பேறி. வெளிச்சம் மாறினால் அது உணர்ந்து சொல்ல 20, 30 மில்லி வினாடி ஆகும். பச்சை வெளிச்சத்தைத்தான் நன்றாகப் பார்க்கும், அகச்சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. ஃபோட்டோ டயோடு மைக்ரோ வினாடிக் கணக்கில் பதில் சொல்லும், அகச்சிவப்பில்தான் அதற்குக் கண் கூர்மை, ஆனால் தருவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஒரு துளி மின்சாரம். ஐஆர் எல்இடியை எல்டிஆருக்கு முன்னால் வைத்துவிட்டு “எதுவுமே வரலையே” என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் படி: ஒரே ஒரு கண்

அவசரப்பட்டு நாலையும் மாட்டாதீர்கள். ஒரு எல்டிஆர். ஒரு கால் 5 வோல்ட்டுக்கு, இன்னொரு கால் ஏ0 பின்னுக்கு, அதே ஏ0-விலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. வெளிச்சம் கூடினால் எண் கூடும். ஊனோவில் 0 முதல் 1023 வரை வரும், ஒரு படி ஏறத்தாழ 5 மில்லி வோல்ட்.

இப்போது ஆர்டுயினோ மென்பொருளில் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா வேடிக்கை பாருங்கள். ஒரு கால் மணி நேரமாவது. டியூப்லைட்டைப் போடுங்கள், அணையுங்கள், கையை மேலே கொண்டுபோங்கள். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருக்கிற அறையாக இருந்தால் ஒரு அதிசயம் தெரியும்: கோடு சீராக நடுங்கும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் வினாடிக்கு 15 தடவை நிழல் வெட்டுகிறது. நீங்கள் கண்டுகொள்ளாத அந்த நிழல் சென்சாருக்கு ஒரு நகரும் பொருள். பிறகு விளக்கே வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். எல்டிஆர் மந்தமாக இருப்பதால் இதில் பாதியை விழுங்கிவிடும். ஃபோட்டோ டயோடு ஒன்று விடாமல் காட்டும்.

இந்தக் கால் மணி நேரத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பின்னால் “என் சர்வோ ஏன் உதறுது” என்று கேட்டு வருவார்கள்.

ஃபோட்டோ டயோடை மாட்டும்போது ஒரு விஷயம். அதை எல்இடி மாதிரி மாட்டக் கூடாது, தலைகீழாக மாட்ட வேண்டும்: கேத்தோடு (எதிர்முனை) 5 வோல்ட்டுக்கு, ஆனோடு (நேர்முனை) பின்னுக்கு, பின்னிலிருந்து 100 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. எண் 900-க்கு மேல் போய் இருட்டிலும் வெளிச்சத்திலும் அசையாமல் நின்றால் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எடுத்துத் திருப்பிப் போடுங்கள், ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாம் படி: இரண்டு கதிர், நாலு விடை

கோட்டில் ஓடும் பொருளுக்கு (ரேஸ் டிராக்கில் கார், சாய்வுப் பலகையில் பந்து, கதவைத் தாண்டும் ஆள்) இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு லேசர், எதிரே இரண்டு பிபிடபிள்யூ34 ஃபோட்டோ டயோடு (ஐஆர் ஜோடியின் கறுப்பு டயோடு சிவப்பு லேசரைச் சரியாகப் பார்க்காது), இரண்டு கதிருக்கும் நடுவே சரியாக 10 செ.மீ. இங்கே 100 கிலோவுக்குப் பதில் 10 கிலோ ஓம் போடுங்கள். லேசர் தரும் வெளிச்சத்துக்கு அதுவே தாராளம், அறையின் வெளிச்சம் அவ்வளவு சின்ன ரெசிஸ்டரில் ஒன்றும் செய்யாது. டயோடு ஒவ்வொன்றையும் காலியான ஸ்கெட்ச் பேனாவின் உடலுக்குள் சொருகி, வெளியே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். மூன்று, நாலு செ.மீ. ஆழத்தில் டயோடு உட்கார வேண்டும். இந்த மாதிரி ஒரு குழாய்தான் கல்லூரி அரங்கில் என் பெட்டிக்கு இல்லாமல் போனது. லேசர் கண் உயரத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் தரையோடு தரையாக வையுங்கள்.

ஒயர்களை 2, 3 ஆகிய பின்களில் கொடுங்கள். ஊனோவில் வெளி இன்டரப்ட் (பின்னில் மாற்றம் வந்ததும் மற்ற வேலையை இடைமறித்து ஓடும் சின்னப் பகுதி) அந்த இரண்டில்தான் உண்டு. கதிர் அறுபட்ட நேரம், திரும்பிய நேரம் இரண்டையும் மைக்ரோ வினாடியில் குறித்துக்கொள்வது மட்டும்தான் இன்டரப்டுக்குள் நடக்க வேண்டும், கணக்கெல்லாம் வெளியே. அந்த மாறிகளை ‘வாலட்டைல்’ (எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது) என்று அறிவிக்க மறந்தால் புரோகிராம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

இப்போது என்னவெல்லாம் தெரிகிறது பாருங்கள். எந்தக் கதிர் முதலில் அறுந்தது என்பது திசை. எத்தனை தடவை அறுந்தது என்பது எண்ணிக்கை. 10 செ.மீ. என்பதை, அதைக் கடக்க எடுத்த நேரத்தால் வகுத்தால் வேகம். ஒரு கதிர் அறுந்து கிடந்த நேரத்தை அந்த வேகத்தால் பெருக்கினால் பொருளின் நீளம். இரண்டே டயோடு, நாலு விடை.

வேகத்துக்கு எல்டிஆர் ஏன் உதவாது என்பதும் இங்கே புரிந்துவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் பந்து வினாடிக்கு 27.8 மீட்டர் ஓடுகிறது, நம் 10 செ.மீ. இடைவெளியைத் தாண்ட அதற்கு 3.6 மில்லி வினாடிதான். எல்டிஆர் கண் விழிப்பதற்குள் பந்து பவுண்டரி தாண்டியிருக்கும். ஊனோவின் மைக்ரோ வினாடிக் கடிகாரம் 4 மைக்ரோ வினாடிக்கு ஒரு தடவை நகர்வது, அதனால் கடிகாரத்தால் வரும் பிழை ஆயிரத்தில் ஒன்று. ஆனால் ஸ்கேல் வைத்து அளந்த இடைவெளியில் ஒரு மி.மீ. தப்பினால் நூற்றுக்கு ஒன்று போச்சு. மரத்துண்டு வெட்டுவதில் கவனமாக இருங்கள், கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சோதித்துப் பார்க்க ஒரு டென்னிஸ் பந்து போதும். அதன் விட்டம் ஏறத்தாழ 6.7 செ.மீ. பலகையில் உருட்டிவிடுங்கள், திரையில் நீளம் 6.7-க்குப் பக்கத்தில் வந்தால் எல்லாம் சரி. எனக்கு முதல் நாள் முழுக்க 4.1, 4.3 என்றே வந்துகொண்டிருந்தது, வேகமோ சரியாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், லேசர் புள்ளி பந்தின் நடுவயிற்றில் படாமல் மேலே உச்சந்தலைக்குப் பக்கத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஆரஞ்சுப் பழத்தை ஓரமாக வெட்டினால் வில்லை சின்னதாகத்தானே வரும். லேசருக்கு அடியில் வைத்திருந்த இரண்டு தீப்பெட்டியை எடுத்தேன், 6.6 வந்தது.

யாராவது கையை நீட்டி ஒரு கதிரை மட்டும் மறைத்துவிட்டு எடுத்துக்கொண்டால் புரோகிராம் இரண்டாவது கதிருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வினாடிக்குள் வராவிட்டால் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டுமென்றால் டிவி ரிமோட்டுக்கான 38 கிலோ ஹெர்ட்ஸ் ரிசீவரைப் போடலாம் என்று பலரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவை நிறுத்தாமல் வரும் சிக்னலை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் காதைப் பொத்திக்கொள்ளும். விட்டு விட்டு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் படி: நாலு கண்ணும் ஒரு சிலுவைச் சுவரும்

இனிமேல்தான் துரத்தல். கையில் டார்ச்சுடன் ஒருவர் நடந்தால் பெட்டி திரும்பித் திரும்பி அவரையே பார்க்க வேண்டும். நாலு எல்டிஆர், மேல்-இடம், மேல்-வலம், கீழ்-இடம், கீழ்-வலம். நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு அட்டைச் சுவர். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தால் சுவரின் நிழல் இடப்பக்கக் கண்கள் மேல் விழும், அவ்வளவுதான் தத்துவம்.

சுவரின் உயரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எல்டிஆரின் குறுக்களவு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சுவரோடு ஒட்டி இருக்கிறது, சுவர் 20 மி.மீ. உயரம். வெளிச்சம் நேர்க்கோட்டிலிருந்து சாயத் தொடங்கியதுமே நிழல் எல்டிஆரின் மேல் ஏறத் தொடங்கும், 14 டிகிரி சாய்ந்ததும் முழுக்க மூடிவிடும். அந்த 14 டிகிரிக்குள் “எவ்வளவு தள்ளி இருக்கிறது” என்று தெரியும். அதற்கு மேல் “அந்தப் பக்கம் இருக்கிறது” என்று மட்டும் தெரியும். சுவரை 40 மி.மீ. ஆக்கினால் அதே விஷயம் 7 டிகிரியில் முடிந்துவிடும், அதாவது பார்வை கூர்மையாகும், அகலம் சுருங்கும். முதல்முறைக்கு 20 போதும்.

ஒட்டி இருக்க வேண்டும் என்றேனே, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்டிஆரைச் சுவரிலிருந்து இரண்டரை மி.மீ. தள்ளி வைத்தால், டார்ச் 7 டிகிரி நகரும் வரை நிழல் எல்டிஆரைத் தொடவே தொடாது. அந்த 7 டிகிரிக்குப் பெட்டிக்கு எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும், அப்புறம் திடீரென்று விழித்துக்கொண்டு ஒரு துள்ளு துள்ளும். சர்வோ மோசம், சர்வோ மோசம் என்று திட்டுவோம்.

அட்டையை மேட் கறுப்பாக எடுங்கள். பளபளக்கும் சார்ட் பேப்பர் வேண்டாம், அது சுவரில் பட்ட வெளிச்சத்தை அடுத்த கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடும். நான் ஸ்லேட் பலகைக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட்டைப் பூசினேன்.

கடையில் ஒரே பாக்கெட்டில் வாங்கிய எல்டிஆர்கள் கூட ஒன்றுபோல் இருக்காது, ஒன்றின் எதிர்ப்பு இன்னொன்றின் இரண்டு மடங்காக இருப்பதும் உண்டு. ஆறு வாங்கச் சொன்னது அதனால்தான். ஒவ்வொன்றாக அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மாட்டி எண்ணைக் குறித்து, ஒத்துப்போகும் நாலை எடுங்கள். பிறகு பெட்டியை மூடி ஒரு வெள்ளைத்தாளை மேலே போர்த்தி, சீரான வெளிச்சத்தில் நாலு எண்ணையும் பதிந்து, எல்லாம் சமமாக வருமாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண்ணைப் புரோகிராமில் வைத்துவிடுங்கள்.

நாலாம் படி: கழி, அப்புறம் வகு

வலது இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து இடது இரண்டின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். இத்தோடு நிறுத்தினால் டார்ச் பக்கத்தில் வரும்போது எண் பெரிதாகவும் தூரம் போகும்போது சிறிதாகவும் ஆடும், ஏனென்றால் ஒரு மீட்டரில் இருந்த டார்ச் இரண்டு மீட்டருக்குப் போனால் வெளிச்சம் கால்வாசியாகிவிடுகிறது. ஆகவே அந்த வித்தியாசத்தை நாலின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். வகுத்தால் தூரம் எவ்வளவானாலும் விடை −1-க்கும் +1-க்கும் நடுவிலேயே நிற்கும். மேல்-கீழுக்கும் அதே கணக்கு.

இங்கே இரண்டு குழி இருக்கிறது, புதிதாக வருபவர்கள் எல்லாரும் இரண்டிலும் விழுவார்கள். முதல் குழி: முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஆர்டுயினோ தசமத்தை வெட்டி எறிந்துவிடும், 300-ஐ 1200-ஆல் வகுத்தால் 0.25-க்குப் பதில் 0 வரும், எல்லாமே 0. சரி, ஆயிரத்தால் பெருக்கிவிட்டு வகுக்கலாம் என்று சாமர்த்தியமாக யோசிப்பீர்கள், அப்போது இரண்டாம் குழி: ஊனோவில் சாதாரண முழு எண் 32,767-ஐத் தாண்டாது, 300 × 1000 அங்கேயே வழிந்து கன்னாபின்னாவென்று குறை எண் ஏதாவது வரும். தசம எண்ணுக்கான ‘ஃப்ளோட்’ வகையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள், நம் வேலைக்கு அந்த வேகம் தாராளம்.

மொத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் (என் அறையில் 80) துரத்த எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டு சர்வோவை அப்படியே நிற்க விடுங்கள். இருட்டில் வகுத்தால் வருவது வெறும் இரைச்சல், அதை நம்பி மோட்டார் பேயாட்டம் ஆடும்.

பாருங்கள், மொத்தம் என்கிற அந்த எண்ணே தனியாக ஒரு சென்சார். அறை வெளிச்சம் அளக்கலாம், விளக்கைத் தானாகப் போட வைக்கலாம். வித்தியாசம் திசையைச் சொல்கிறது. வித்தியாசம் மாறும் வேகம், பொருள் எவ்வளவு சீக்கிரம் சுற்றிப் போகிறது என்று சொல்கிறது. தூரத்தை மட்டும் இந்த நாலும் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் மங்கல் டார்ச்சும் தூரத்தில் இருக்கும் பெரிய டார்ச்சும் அதற்கு ஒன்றுதான். தூரம் வேண்டுமென்றால் விஎல்53எல்0எக்ஸ் மாதிரி, லேசர் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சில்லு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். நல்ல சூழலில் 2 மீட்டர் வரை சொல்லும்.

ஐந்தாம் படி: மோட்டார்

சர்வோ இரண்டுக்கும் ஆர்டுயினோவின் 5 வோல்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பினால் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், அது ரீசெட் ஆனதும் சர்வோ நடுவுக்குத் திரும்பும், திரும்பியதும் மறுபடி ரீசெட். தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள், ஆனால் இரண்டின் கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள்.

நகர்த்தும் விதி எளிது: இப்போதிருக்கும் கோணத்தோடு, வித்தியாசத்தை ஒரு சின்ன எண்ணால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டே போங்கள், 20 மில்லி வினாடிக்கு ஒரு தடவை. அந்த எண்ணை 1-ல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பெட்டி டார்ச்சைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போய் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடத் தொடங்கினால் அதில் பாதியாக்குங்கள். வித்தியாசம் 0.05-க்குள் இருந்தால் நகராதே என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போதும் சர்வோ கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும்.

டார்ச்சுக்காரர் தூணுக்குப் பின்னால் அரை வினாடி மறைந்தால்? கடைசியாக எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் கோணம் மாறிக்கொண்டிருந்ததோ அதே வேகத்தில் இன்னும் அரை வினாடி நகர்த்துங்கள், அதற்குள் வெளிச்சம் திரும்ப வராவிட்டால் நின்றுவிடுங்கள். எங்கள் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் என் தங்கை மகன் டார்ச்சோடு ஓடியபோது, கம்பிக்குக் கம்பி திக்கித் திக்கி நின்ற பெட்டி, இதைச் சேர்த்ததும் வழுக்கிக்கொண்டு கூடவே போனது. “மாமா, அது என்னைப் பார்க்குது” என்று கொஞ்சம் பயந்தும்விட்டான்.

ஆறாம் படி: ஜன்னலை ஜெயிப்பது

டார்ச் பிடித்துக்கொண்டு யார் நடப்பார்கள்? பொருளின் மேல் லாரிக்குப் பின்னால் ஒட்டுவார்களே, அந்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் ஒரு துண்டு ஒட்டுங்கள். அதன் குணம் வந்த வழியே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. ஆகவே ஐஆர் எல்இடி நாலு கண்களுக்கு நட்டநடுவில், சிலுவைச் சுவரின் உச்சியில் இருக்க வேண்டும், அரை அடி தள்ளி வைத்தால் கூட வெளிச்சம் அங்கேயே திரும்பிப் போகும், கண்ணுக்கு வராது. எல்இடியைச் சுற்றிலும், சூடு பட்டால் சுருங்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயில் மூடி, நேரடியாகக் கசியாமல் செய்யுங்கள். எல்டிஆர்களை எடுத்துவிட்டு ஃபோட்டோ டயோடுகள் போட வேண்டியது இங்கேதான், 100 கிலோ ஓமுடன்.

சுவரையும் மறுபடி சோதியுங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பு என்று சொல்ல முடியாது. டிவி ரிமோட்டின் மூக்கில் இருக்கும் கருநிறப் பிளாஸ்டிக் அகச்சிவப்பைத் தாராளமாக விடுகிறது. எல்இடி எரிகிறதா என்று பார்க்க போனின் செல்ஃபி கேமராவைக் காட்டுங்கள், பெரும்பாலான போன்களில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

இனி அந்தக் கழித்தல் வித்தை. எல்இடியைப் போட்டு அரை மில்லி வினாடி பொறுத்து நாலையும் படியுங்கள், அணைத்து அரை மில்லி வினாடி பொறுத்து மறுபடி நாலையும் படியுங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். ஜன்னல் வெளிச்சம் இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் ஓடிப்போகும். மிஞ்சுவது நம் எல்இடி அனுப்பி ஸ்டிக்கர் திருப்பிய வெளிச்சம் மட்டும். ஊனோ ஒரு பின்னைப் படிக்க ஏறத்தாழ 0.11 மில்லி வினாடி எடுப்பதால், போட்டதும் அணைத்ததும் சேர்த்து ஒரு ஜோடிக்கு 2 மில்லி வினாடி ஆகும். ஐந்து ஜோடியைச் சராசரி எடுங்கள்: ஏறத்தாழ 10 மில்லி வினாடி, டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பின் ஒரு முழுச் சுற்று, அதனால் அந்தத் துடிப்பும் கிட்டத்தட்ட காணாமல் போகும். நேரத்தை 7 மில்லி வினாடி, 13 மில்லி வினாடி என்று வைத்தால் இந்த நன்மை கிடைக்காது, செய்து பாருங்கள்.

இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஊனோவின் அனலாக் பின் 10 கிலோ ஓம் வரையிலான மூலங்களுக்குத்தான் சரியாகப் படிக்கும். நாம் 100 கிலோ வைத்திருப்பதால் முந்தைய பின்னில் படித்த மிச்சம் அடுத்த பின்னில் ஒட்டிக்கொண்டு வரும். இடது கண்ணை மூடினால் வலது கண்ணும் லேசாக இறங்கும். அந்த 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரை ஒவ்வொரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டால் சரியாகிவிடும். அதைவிடப் பெரிதாகப் போடாதீர்கள், போட்டால் அரை மில்லி வினாடிக்குள் எண் நிலைக்கு வராது.

நேர் வெயில் டயோடின் மேலேயே விழுந்தால் இந்த வித்தையும் பலிக்காது. எண் 1023-ல் போய் முட்டிக்கொண்டிருக்கும்போது கழிக்க என்ன இருக்கிறது? அங்கே குழாயும் நிழலும்தான் கை கொடுக்கும், ரெசிஸ்டரையும் குறைக்க வேண்டியிருக்கும்.

இத்தனையும் ஒரே சில்லில்

ஏபிடிஎஸ்-9960 என்று ஒரு சில்லு இருக்கிறது, ஒரு அரிசி மணியைவிடச் சற்று அகலம், 4 மி.மீ. கூட நீளம் இல்லை. உள்ளே ஐஆர் எல்இடி, நாலு திசைக்கு நாலு டயோடு, நிறம் பார்க்கத் தனிக் கண்கள், அறை வெளிச்சம், அருகாமை எல்லாம் சேர்ந்தே இருக்கும். சாம்சங் கேலக்ஸி எஸ்5 போனில் தொடாமலே கையசைவைப் புரிந்துகொண்டது இந்தச் சில்லுதான். ஆர்டுயினோ நானோ 33 பிஎல்இ சென்ஸ் போர்டிலும் இது வருகிறது.

இதையே முதலில் வாங்கியிருக்கலாமே என்றால், இதன் எட்டும் தூரம் 10 முதல் 20 செ.மீ. தான். கைக்கு நல்லது, நடக்கும் ஆளுக்கு உதவாது. கூட வரும் லைப்ரரியும் (சில்லோடு பேச முன்பே எழுதி வைத்த புரோகிராம்) இடது, வலது, மேல், கீழ் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கை எங்கே இருக்கிறது என்று தொடர்ந்து வேண்டுமென்றால் நாலு டயோடுகளின் மூல எண்களை, 0 முதல் 255 வரை வருவதை, நேரடியாக எடுத்து நம் பழைய கணக்கையே போடுங்கள்: கழி, மொத்தத்தால் வகு. நாலாம் படியைக் கையால் செய்தவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

சில்லு 3.3 வோல்ட்டுக்கானது, 5 வோல்ட் போர்டில் நேராக மாட்டாதீர்கள், நடுவில் சிக்னலின் வோல்ட்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். எல்லாம் சரியாக இணைத்தும் “சென்சார் கிடைக்கவில்லை” என்று லைப்ரரி அடம் பிடித்தால், சில்லின் அடையாள எண்ணை வாசித்துப் பாருங்கள். அசல் பதினாறடிமான எண்ணில் ஏபி என்று சொல்லும், மலிவு நகல்களில் ஏ8 என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். லைப்ரரி கோப்பில் அந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளுமாறு ஒரு வரி மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

கடைசியாகப் பெட்டி. அழகுக்காகச் சில்லுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் போட்டீர்கள் என்றால், எல்இடி வெளிச்சம் அந்த அக்ரிலிக்கிலேயே பட்டுத் திரும்பி நாலு டயோடிலும் விழும், எப்போதும் எதிரே ஒரு கை நிற்கிறது என்று சென்சார் நினைத்துக்கொண்டே இருக்கும். டிரில்லை எடுத்து அந்த இடத்தில் ஒரு ஓட்டை போடுங்கள்.